சர்வர் ரூம் அமலோற்பவமேரி

விழுப்புரத்தில் அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். பஸ்ஸில் போனால் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதைப் படித்துக்கொண்டு உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. பொறியியல் கல்லூரி விழுப்புரத்தில், பாலிடெக்னிக் திண்டிவனத்தில், இரண்டுக்கும் ஒரே தாளாளர். அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். என் பெயர் கண்ணையன். ஆனால் இது என்னைப் பற்றியது இல்லை. அங்கே மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொண்ட அமலோற்பவமேரியைப் பற்றியது.

ஆபீஸில் எல்லோருக்கும் அவள் மேரி மேடம். என் தங்கை வயதுதான், அதனால் இங்கே அவள் என்றே எழுதுகிறேன். இப்போது புதுச்சேரியில் வேறொரு கம்பெனியில் இருக்கிறாள். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். கோபம் மட்டும் குறையவே இல்லை என்று அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் புலம்புவார். குறையவே வேண்டாம் சார், அப்படியே இருக்கட்டும் என்பேன் நான்.

திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு ஊர் அவளுக்கு. அப்பா அமிர்தசாமி மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கியவர்; நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பெயர். சொந்த நிலம் என்று ஒரு கைப்பிடி மண் இல்லாத குடும்பம். பெண்ணை எம்.சி.ஏ. வரைக்கும் படிக்க வைத்தார். படித்து முடித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம் சர்வர் வேலை பார்த்தாள். அப்பா முதுகெலும்பு தேய்ந்து படுத்துவிட்டார் என்றதும் ஊர்ப் பக்கம் திரும்பி வந்து, எங்கள் கல்லூரியில் சேர்ந்தாள். அது 2006. தினமும் காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறி வருவாள், சாயங்காலம் பஸ் ஏறிப் போவாள்.

அவளை நான் முதலில் பார்த்ததே சண்டையில்தான். கேன்டீனில் லோடு தாங்காமல் அடிக்கடி ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது. மாவு அரைக்கிற பெரிய கிரைண்டரை நான் பக்கத்து லைனில் மாட்டிவிட்டேன். அந்த லைன் சர்வர் ரூம் யூ.பி.எஸ். லைன். மறுநாள் ஒரு பெண் கேன்டீனுக்குள் புயல் மாதிரி நுழைந்தாள்.

“யாருண்ணே இதுல கிரைண்டர் மாட்டினது?”

“நான்தான் மேடம். கேன்டீன் லைன் தாங்கல.”

“அதுக்கு? உங்க இட்லி மாவுக்கு என் சர்வர் சாவணுமா? இன்னாண்ணே வேலை பாக்கறீங்க நீங்க?”

எனக்கும் வாய் சும்மா இருக்காது. “முன்னூறு பேருக்கு இட்லி போவணும் மேடம். உங்க சர்வரா சோறு போடப் போவுது?” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் கிரைண்டருக்கு நான் தனி லைன் இழுத்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள். முடிந்ததும், “ரெண்டு இட்லி குடுங்க, பசிக்குது,” என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து நாங்கள் அண்ணன் தங்கச்சி.

அப்போது கல்லூரியில் ஒரே ஒரு மெயில் சர்வர்தான். ஒரு நாள் அது படுத்துக்கொண்டது. ஒரு வாரம் கல்லூரிக்கு மெயிலே இல்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வர இருந்த ஒரு கம்பெனி, உங்களைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை என்று வேறு கல்லூரிக்குப் போய்விட்டது. தாளாளர் குதித்த குதியில் உடனே சென்னைக்கு ஆர்டர் போனது. இரண்டு புது சர்வர், அவற்றுக்கு நடுவில் ஒரு டிஸ்க் பெட்டி, எல்லாம் ஒரு கண்ணாடிக் கதவு போட்ட ராக்கில் வந்து இறங்கின.

இதெல்லாம் என்னவென்று மேரிதான் எனக்குச் சொன்னாள். மெயில் எல்லாம் டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும். வேலை செய்கிறவை அந்த இரண்டு மெஷின்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று அதன் வேலையையும் எடுத்துக்கொள்ளும். அதற்காக எல்லாவற்றையும் குரூப் குரூப்பாகக் கட்டி வைக்க வேண்டும். ஒரு குரூப்பில் நாலு சாமான்: மெயில் இருக்கிற டிஸ்க், அதைத் தேடி வர ஒரு அட்ரஸ், ஒரு பெயர், மெயிலை வாங்கிக் கொடுக்கிற புரோகிராம். போனால் நாலும் சேர்ந்து அடுத்த மெஷினுக்குப் போக வேண்டும். மூன்று போய் ஒன்று நின்றுவிட்டால் குரூப் எழுந்திருக்காது.

“மோட்டாரை ஒரு லைன்லயும் ஸ்டார்ட்டரை வேற லைன்லயும் குடுத்தா ஓடுமா?” என்று கேட்டேன்.

“அதேதாண்ணே! ஒண்ணா போவ வேண்டியதை ஒண்ணா கட்டறதுக்குப் பேருதான் குரூப்பு. நம்ம கரெண்ட் போனா ஜெனரேட்டர் எடுத்துக்குது இல்ல? அந்த மாதிரி.”

அவள் கட்டிய குரூப் இரண்டு. விழுப்புரத்து மெயில் எல்லாம் ஒரு குரூப், அது முதல் மெஷினில். திண்டிவனத்து மெயில் எல்லாம் ஒரு குரூப், அது இரண்டாவது மெஷினில். எந்த மெஷின் படுத்தாலும் அதன் குரூப் பக்கத்து மெஷினுக்குத் தானாகப் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, ஒவ்வொரு மெஷினுக்கும் கரெண்டைப் பிடுங்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தாள். பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து மெஷினில் எல்லாம் உயிரோடு எழுந்து வந்தன. சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள். அவள் சிரித்து நான் பார்த்த சில நாட்களில் அது ஒன்று.

அதைக் கெடுக்கத்தானே சிலர் பிறந்திருக்கிறார்கள்.

தாளாளரின் மருமகன் சீனுவாசன். கதவில் டைரக்டர் என்று பித்தளையில் போட்டிருக்கும். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். எல்லாம் தெரியும் என்பதுதான் அவர் நினைப்பு. சர்வர் விற்ற சென்னை எஞ்சினியர் ஒருநாள் பேச்சுவாக்கில், இரண்டு குரூப்பும் ஒரே மெஷினில் வந்து உட்கார்ந்தால் கொஞ்சம் ஸ்லோ ஆகும் என்று சொல்லிவிட்டான். இவர் அதைப் பிடித்துக்கொண்டார். மேரியை ரூமுக்குக் கூப்பிட்டார். அங்கே டியூப்லைட் மாற்றிக்கொண்டு நான் ஏணியில் நின்றிருந்தேன். அவருக்கு நான் ஒரு ஆளாகவே தெரியவில்லை.

“மேரி, குரூப்பை மாத்திப் பிரிக்கணும். ஆபீஸ், ஸ்டாஃப், மேனேஜ்மென்ட் கோட்டா ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் ஃபர்ஸ்ட் குரூப். கவுன்சிலிங்ல வந்தவங்க, ஸ்காலர்ஷிப் பசங்க, பாலிடெக்னிக் எல்லாம் செகண்ட் குரூப். மெஷின் படுத்தா ஃபர்ஸ்ட் குரூப் மட்டும் பக்கத்துக்குப் போகட்டும்.”

“செகண்ட் குரூப்பு?”

“அது ரிப்பேர் ஆகிற வரைக்கும் இருக்கட்டும். காசு கட்டிப் படிக்கிறவங்க வெயிட் பண்ணக் கூடாதில்ல?”

நான் டியூப்லைட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். மேரியின் கழுத்து நரம்பு புடைத்தது எனக்கு மேலிருந்து தெரிந்தது.

“சார், இது மெஷின் வேலை. எந்த டிஸ்க் எதோட போவணும்னு பாத்துத்தான் பிரிக்கணும். பையன் எந்தக் கோட்டான்னு பாத்துப் பிரிக்கறது எந்த ஊர் நியாயம்?”

“நியாயத்தை நான் கேட்கல. செஞ்சு குடு.”

“கொஞ்சம் ஸ்லோ ஆவும், அவ்ளோதான். நின்னு போவாது. நான் செய்ய மாட்டேன் சார்.”

“செய்ய வேற ஆள் இருக்கான்,” என்றார் சீனுவாசன்.

அன்றைக்கு மத்தியானம் ஜெனரேட்டர் ரூமுக்கு வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேரி சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் அவள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னாள். ஒரே சாமி, ஒரே கோயில், ஒரே பூசை. செத்தால் மட்டும் இரண்டு பக்கம். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள், இந்தப் பக்கம் காலனிக்காரர்கள். அவள் பெரியம்மா சவுரியம்மாள் செத்தபோது, பெட்டியைப் பெரிய தெரு வழியாகக் கொண்டு போகக் கூடாது என்று மறித்து, வாய்க்கால் வரப்பில் தூக்கிப் போக வைத்தார்கள். மழைச் சேற்றில் தூக்கினவர்கள் வழுக்கி விழ, பெட்டி சாய்ந்தது.

“அப்போ நான் ஒம்பதாவது படிச்சிக்கினு இருந்தேன். செத்தவங்களுக்கே சுவர் வெச்சவங்களைப் பாத்துட்டு வந்திருக்கேண்ணே. இந்த ஆளு மெயிலுக்குச் சுவர் வெக்கச் சொல்றான். அதுவும் என் கையால!” டப்பாவை மூடினாள். மூடி நசுங்கும்படி அடித்து மூடினாள்.

சென்னை எஞ்சினியர் காரில் வந்தான். ஏ.சி.யில் உட்கார்ந்து ஒரு பகலில் எல்லாவற்றையும் சீனுவாசன் சொன்னபடி பிரித்துக் கொடுத்தான். பிரித்ததோடு இரண்டாவது குரூப் முதல் மெஷினுக்குப் போகவே முடியாதபடி தடுத்தும் வைத்தான். பாஸ்வேர்டை மாற்றி சீனுவாசன் கையில் கொடுத்தான். மேரிக்குப் புதுப் பிள்ளைகளின் பெயர் சேர்ப்பது, மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பது என்று சில்லறை வேலை மட்டும் மிஞ்சியது. வேலையை விட்டுவிடு என்று நானே சொன்னேன். “விட்டா அப்பாவுக்கு மாத்திரை யாருண்ணே வாங்குவாங்க?” என்றாள். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து போனாள். அந்த வருஷம் முழுக்க அவளிடம் திட்டு வாங்காத ஆள் கல்லூரியில் இல்லை. நானும் வாங்கினேன். வாங்கிக்கொள்ள எனக்குக் கசக்கவில்லை.

2008இல் ஸ்டடி லீவு சமயத்தில் நடந்தது இது. அதற்கு முந்தின வாரம் ஒரு பெரிய கம்பெனி வந்து இன்டர்வியூ நடத்தி, ஃபைனல் இயர் பிள்ளைகளில் சிலரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருந்தது. இரண்டாவது குரூப்பிலிருந்து இரண்டே பேர். பனைமலை விருத்தாசலத்தின் மகள் ரோஜா, மண்டகப்பட்டு சேரன். இரண்டு வீட்டிலும் அப்பா அம்மா கூலி வேலை. தேர்ந்தெடுத்தவர்களுக்கு மெயில் வரும், மெயிலில் ஒரு லிங்க் இருக்கும், அதை அழுத்தி வேலைக்கு வருகிறேன் என்று சொல்ல வேண்டும், சொல்லாதவர் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கல்லூரி மெயில் ஐடிக்குத்தான் அனுப்புவோம், வேறு ஐடி கூடாது என்பதும் அவர்கள் சட்டம்.

மெயில் ஒரு சாயங்காலம் வந்தது. மறுநாள் ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அன்று இரவே இரண்டாவது மெஷின் செத்தது. காலையில் நான் போய்ப் பார்த்தபோது கரெண்ட் எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது, மெஷினுக்குள்தான் போர்டு கருகி நாற்றம் அடித்தது. சாமான் சென்னையிலிருந்து வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். முதல் குரூப்புக்கு ஒன்றும் இல்லை. ஆபீஸும், ஸ்டாஃபும், காசு கட்டிய பிள்ளைகளும் வழக்கம்போல மெயில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தேர்வானவர்கள் காலையிலேயே லிங்க்கை அழுத்தி முடித்துவிட்டார்கள்.

ரோஜா விழுப்புரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முயன்று பார்த்திருக்கிறாள். பக்கம் திறக்கவே இல்லை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேராகக் கல்லூரிக்கு வந்துவிட்டாள். விருத்தாசலம் செருப்பை சர்வர் ரூம் வாசலிலேயே கழற்றிவிட்டு, உள்ளே வரத் தயங்கி நின்றார். “செருப்பைப் போட்டுக்கினு உள்ள வாங்கப்பா!” என்று அவரையும் அதட்டினாள் மேரி.

அங்கிருந்து ப்ளேஸ்மென்ட் ஆபீசர் அரங்கநாதனிடம் ஓடினோம். தங்கமான மனிதர், ஆனால் நிழலைப் பார்த்தாலே பயப்படுவார். அவருக்கு அந்த மெயிலின் நகல் வந்திருந்தது.

“நகல்ல லிங்க் இல்லம்மா. ஆளுக்கு ஒரு லிங்க், அது அவங்கவங்க மெயிலுக்குத்தான் போயிருக்கு. கம்பெனிக்கு போன் பண்ணிக்கிட்டே இருக்கேன், மெஷின் பேசுது, மனுஷன் எடுக்கல.”

“பசங்களுக்காவது போன் பண்ணீங்களா சார்?”

“எல்லாருக்கும் மெயில் போயிருக்கும்னு நெனச்சேன்.”

“நெனச்சீங்களா! நல்லா நெனச்சீங்க!” என்றாள் மேரி. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சேரன் வீட்டில் போன் கிடையாது. மண்டகப்பட்டில் ஒரு டீக்கடை நம்பரைப் பிடித்துப் பேசினோம். பையன் மல்லாட்டை பிடுங்க எங்கேயோ கொல்லிக் காட்டுக்குப் போயிருக்கிறான், வந்தால் சொல்கிறேன் என்றார் கடைக்காரர். ஜல்தியாகச் சொல்லுங்கள், அவன் வாழ்க்கையே இதில் இருக்கிறது என்று கத்தினேன். சரி சரி என்று வைத்துவிட்டார்.

இதில் என் ரத்தம் கொதிப்பது எதற்கென்றால், அந்த இரண்டு மெயிலும் பத்திரமாக இருந்தன. டிஸ்க் பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. முதல் மெஷின் பக்கத்திலேயே சும்மா ஓடிக்கொண்டிருந்தது. தடையை எடுத்துவிட்டு இரண்டாவது குரூப்பை அந்த மெஷினுக்கு நகர்த்தினால் சில நிமிஷத்தில் எல்லாம் எழுந்துவிடும். அதற்கு பாஸ்வேர்ட் வேண்டும். பாஸ்வேர்ட் சீனுவாசனிடம்.

சீனுவாசன் அன்றைக்குத் தரையிலேயே நிற்கவில்லை. கல்லூரியை ஆய்வு செய்ய வெளியூரிலிருந்து ஒரு கமிட்டி வந்திருந்தது. மீட்டிங் ஹாலில் முந்திரி, ஜூஸ், பொன்னாடை. ஹாலுக்கு வெளியே அவரைப் பிடித்தோம்.

“சார், அஞ்சு மணிக்குள்ள ரெண்டு பேருக்கு வேலை போயிடும். குரூப்பை நகத்தணும், பாஸ்வேர்ட் வேணும்.”

“இன்னைக்கா? கமிட்டி கேட்கிற பேப்பர் எல்லாம் மெயில்லதான் வந்துகிட்டிருக்கு. ஸ்லோ ஆனா என் மானம் போயிடும். நாளைக்குப் பார்க்கலாம்.”

“நாளைக்கு வேலை இருக்காது சார். கொஞ்ச நேரந்தான்.”

“இந்தக் கம்பெனி போனா இன்னொண்ணு. போம்மா.”

விருத்தாசலம் அவர் காலடியில் குனியப் போனார். மேரி அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். “எழுந்திருங்கப்பா. யார் காலுல விழறீங்க?” என்றாள். சீனுவாசன் காதில் விழும்படிதான் சொன்னாள். அவர் ஹாலுக்குள் போய்விட்டார். மாலை நாலு மணி ஆகிவிட்டிருந்தது.

மேரி விறுவிறுவென்று சர்வர் ரூமுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். முதல் மெஷினுக்கு முன்னால் போய் நின்றாள். பவர் பட்டனை அழுத்தினாள். மெஷின் புரோகிராம்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு, விசிறிச் சத்தம் அடங்கி, விளக்கு அணைந்தது. ராக்கின் கண்ணாடிக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். இப்போது கல்லூரியில் தாளாளரிலிருந்து கடைசிப் பையன் வரைக்கும் யாருக்கும் மெயில் இல்லை.

“இன்னாம்மா பண்ணிட்டே?” என்றேன்.

“எல்லாரையும் ஒரே குரூப்பா ஆக்கிட்டேண்ணே. நீங்க போங்க, உங்க வேலைக்கு உலை வெச்சுடுவாங்க.”

“யாரு போறது? கம்முனு இரு நீ,” என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றுகொண்டேன். முதலில் செக்யூரிட்டி வந்தான். எர்த் லீக் ஆவுது, உள்ளே கால் வைத்தால் ஷாக் அடிக்கும் என்றேன். அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

சீனுவாசன் வந்தபோது முகம் கருத்திருந்தது. ஷாக் கதையை அவரிடமும் சொன்னேன். என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“யாரு ஆஃப் பண்ணது?”

“நான்தான் சார்.”

“உள்ள கமிட்டி உட்கார்ந்திருக்கு. உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? ஆன் பண்ணு!”

“பாஸ்வேர்ட் குடுங்க. ஆன் பண்றேன். எழுந்தா ரெண்டு குரூப்பும் சேர்ந்துதான் எழுந்திருக்கும். ஒண்ணு மட்டும்னா கெடையாது.”

“சாவியைக் குடு.”

“மாட்டேன்.”

“கண்ணாடியை உடைப்பேன்.”

“உடைங்க சார். பக்கத்து ஹால்லதான் கமிட்டி. சத்தம் கேட்டு இன்னா ஏதுன்னு வருவாங்க. நானே வெவரமா சொல்றேன், எதுக்கு ரெண்டு குரூப்பு, எந்தக் குரூப்புல யார் யார் இருக்காங்கன்னு. சொல்லட்டா?”

அவர் சென்னை எஞ்சினியருக்கு போன் போட்டார். அவன் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும் என்றான். இவர் போனை மூடிக்கொண்டு மேரியை முறைத்தார். மேரி திரும்ப முறைத்தாள். அப்படி ஒரு முறைப்பை நான் அதற்குப் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை. ரோஜா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கடைசியில், சரி, நானே அடிக்கிறேன் என்றார். மேரி பூட்டைத் திறந்து மெஷினை எழுப்பினாள். அவர் குனிந்து, எங்கள் கண்ணில் படாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, பாஸ்வேர்டை அடித்தார். அந்த நேரத்திலும் மறைக்கிற புத்தி போகவில்லை பாருங்கள்.

மேரி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இரண்டாவது குரூப் எழுந்து வருகிற வரைக்கும் நான் பட்ட பேஜாரை எழுத முடியாது. அதற்கு இருந்த தடையை எடுத்தாள். டிஸ்க் வந்தது. அட்ரஸ் வந்தது. பெயர் வந்தது. மெயில் புரோகிராம் மட்டும் வராமல் நின்றது. “வாடா, வந்து தொலைடா!” என்று திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். வந்தது.

ரோஜா பக்கத்து லேபில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மெயில் திறந்தது. அவள் லிங்க்கைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

“அழுவறதை அப்புறம் வெச்சிக்கோ! அழுத்துடி!” என்று மேரி போட்ட சத்தத்தில் லேபே அதிர்ந்தது. ரோஜா அழுத்தினாள். உங்கள் சம்மதம் பதிவாகிவிட்டது என்று திரையில் வந்தது. ஐந்து அடிக்கக் கொஞ்சம்தான் இருந்தது. விருத்தாசலம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேரி உடனே டீக்கடைக்குப் போன் போட்டாள். பையன் இன்னும் வரவில்லை என்றார் கடைக்காரர். சேரனின் மெயிலைத் தானே திறக்கலாம், பாஸ்வேர்டை மாற்றிவிட்டு உள்ளே போகலாம் என்று கை வைத்தாள். அந்த ஐடியைத் தட்டி, பாஸ்வேர்டை மாற்றி, மெயிலைத் திறந்து, லிங்க்கை அழுத்தினாள். நேரம் முடிந்துவிட்டது என்று வந்தது. இன்னொரு முறை அழுத்தினாள். அதையே சொன்னது. முஷ்டியால் மேஜையைக் குத்தினாள். இரண்டு விரல் முட்டிகளில் தோல் கிழிந்தது.

சீனுவாசன் வாசலில் நின்று சொன்னார்: “ஒரு பொண்ணுக்காகக் காலேஜையே இருட்டுல வெச்சிட்டே. நாளையிலேர்ந்து வரத் தேவையில்லை.”

“காலையிலேர்ந்து அரை காலேஜ் இருட்டுலதான் இருந்தது சார்,” என்றாள் மேரி. “உங்க விளக்கு அணைஞ்சப்புறம்தான் உங்களுக்குத் தெரிஞ்சுது.”

சீனுவாசன் என் பக்கம் திரும்பி, எனக்கும் சேர்த்து வேலை இல்லை என்றார். போடா என்று வாய் வரைக்கும் வந்தது. விருத்தாசலம் நின்றுகொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சாவிகளை ஒப்படைக்க இரண்டு பேரும் போனோம். சர்வர் ரூம் வாசலில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலை. நகக்கண்ணில் மட்டும் செம்மண். கையில் ஒரு மஞ்சள் பை. மண்டகப்பட்டிலிருந்து சைக்கிளிலேயே வந்திருக்கிறான். சேரன்.

“மேடம், காலேஜ்லேர்ந்து போன் வந்துச்சுன்னு டீக்கடைல நைட்டுதான் சொன்னாங்க. மெயில் வந்துடுச்சாம்ல மேடம்? அம்மா மல்லாட்டை அவிச்சுக் குடுத்துச்சு, உங்களுக்கும் அண்ணனுக்கும்.” பையை நீட்டினான். பை இன்னும் சூடாக இருந்தது.

நான் மேரியைப் பார்த்தேன். அவள் பையை வாங்கி என் கையில் கொடுத்தாள். சேரனின் மணிக்கட்டைப் பிடித்தாள். தரதரவென்று இழுத்துக்கொண்டு வராண்டாவில் நடந்தாள். டைரக்டர் ரூம் கதவைத் தட்டாமல் திறந்து உள்ளே போனாள். நானும் போனேன்.

சீனுவாசன் காபி குடித்துக்கொண்டிருந்தார். எங்களை விட்டுவிட்டுப் பையனைப் பார்த்தார்.

“யாரு இது?” என்றார்.

சேரன் கையைக் கூப்பினான். முகமெல்லாம் சிரிப்பு. “வணக்கம் சார். ஃபைனல் இயர் சேரன் சார். கம்பெனியில செலக்ட் ஆயிருக்கேன் சார்.”

மேரி அவனை மேஜைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“சொல்லுங்க சார்,” என்றாள். “நீங்களே இவன்கிட்ட சொல்லுங்க.”